கட்டாயம் என்றால் அது எப்படிச் சேவை?

நேற்று எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவு. "இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஒழுக்கமே இல்லை. எல்லாரையும் இரண்டு வருஷம் கட்டாய ராணுவ சேவைக்கு அனுப்பினால்தான் உருப்படுவார்கள்." கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள், 'அருமை சார்'கள்.

எனக்கு உறுத்தியது அந்தச் சொல்தான். சேவை என்பது மனமுவந்து செய்வது. வராவிட்டால் சிறை என்று மிரட்டி இழுத்துப் போவதற்கு அந்தப் பெயரா?

ஆங்கிலத்தில் கான்ஸ்கிரிப்ஷன் என்கிறார்கள். அதன் லத்தீன் வேருக்குச் 'சேர்த்து எழுதுதல்' என்று பொருள். பட்டியலில் பெயர் ஏற்றுவது, அவ்வளவுதான். அதில் சேவையும் இல்லை, தேசபக்தியும் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். பெயர் எழுதும்போது பையனிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை.

1793-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு நாட்டையே போருக்குத் திரட்டியது. அது அவசரத்துக்கு. 1798-இல் வந்த ழூர்தான் சட்டம்தான் அதை நிரந்தரமாக்கியது. 20 முதல் 25 வயது வரை உள்ள இளைஞர்களின் பெயர்கள் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியலை வைத்துத்தான் நெப்போலியன் ஐரோப்பா முழுக்கப் போர் நடத்தினார். சட்டம் எல்லாருக்கும் பொது என்றார்கள். சில வருஷத்திலேயே, பணம் உள்ளவன் தனக்குப் பதிலாக ஏழை வீட்டுப் பிள்ளையைக் காசு கொடுத்து அனுப்பலாம் என்றாகிவிட்டது. அந்த வழக்கம் அடியோடு ஒழிய 1872 ஆயிற்று!

அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் இதே கதை. 1863-இல் 300 டாலர் கட்டினால் தப்பிக்கலாம். அது கூலிக்காரனின் ஒரு வருஷச் சம்பாத்தியத்துக்குக் கிட்டத்தட்ட சமம். நியூயார்க்கில் கலவரம் வெடித்தது. கோபம் போய் விழுந்ததோ ஒரு பாவமும் அறியாத கறுப்பின மக்கள் மீது.

பிறகுதான் 'சேவை' என்ற பூச்சு. பிரிட்டன் 1916-இல் 'ராணுவ சேவைச் சட்டம்' என்றது, 1939-இல் 'தேசிய சேவை' என்றது. நம் பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன.

நாட்டுக்கு ஆபத்து என்றால் படை வேண்டும், மறுக்கவில்லை. சில நாடுகளுக்கு வேறு வழியில்லாமலும் போகலாம். அப்போதும் 'கட்டாய ஆள்சேர்ப்பு' என்று உள்ளதைச் சொல்லுங்கள். நம் ராணுவத்தில் இன்றுவரை விரும்பிச் சேர்ந்தவர்கள்தான் இருக்கிறார்கள். ஒழுக்கம் கற்பிக்க வேண்டியது வீடும் பள்ளியும். அது நாம் செய்யத் தவறிய வேலை சார், எல்லைக்கு ஏன் அனுப்புகிறீர்கள்?

பதிவு போட்ட நண்பருக்கு இரண்டு பேரன்கள், இருவரும் வெளிநாட்டில். "பட்டியலில் முதலில் யார் பெயரை எழுதலாம் சார்?" என்று கேட்டிருக்கிறேன். படித்துவிட்டார், நீலக் குறி விழுந்துவிட்டது.