தோள் முறிவும் தோட்ட மக்களும்

மனித உடலின் மூட்டுகளுள் தோள் மூட்டைப்போலத் தாராளமாகச் சுழலவல்லது வேறொன்றில்லை. உயரத்தில் உள்ளதை எட்டுவதற்கும், சுமையைத் தலைக்கு ஏற்றுவதற்கும், தன் கூந்தலைத் தானே முடிப்பதற்கும் அதுவே துணை. அம்மூட்டுக்கு அணித்தாகப் புயவென்பின் மேல்முனை முறிந்துவிட்டால் கத்தி எடுப்பதா, கட்டிவிட்டுக் காத்திருப்பதா என்பது மருத்துவ உலகம் நெடுநாளாக ஆராய்ந்துவரும் வினா. ஹேவாஹெட்டவின் தேயிலை மலைகளில் அது ஒரு வீட்டின் அடுப்பெரிவதைப் பற்றிய வினாவும் ஆகும்.

இம்முறிவு பெரும்பாலும் முதியோரையே, அவருள்ளும் பெண்களையே நாடுகிறது. மாதவிடாய் நின்றபின் என்பு தன் உறுதியை இழந்து நலிகின்றது. அந்நிலையில், நின்ற நிலையிலிருந்து கையூன்றி விழுதலே முறிவுக்குப் போதும். மழைக்குப்பின் வழுக்கும் சரிவுகளும், லயத்துப் படிகளும், பாசி படிந்த பீலிக்கரையும் நிறைந்த ஊரில் விழுவதற்கு இடம் தேட வேண்டுவதில்லை. கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டி, இரு கைகளாலும் கொழுந்தெடுப்பவளுக்குத் தோள் உயராவிடில் அன்றைய பேர் விழாது.

முற்காலத்துச் சத்திரசிகிச்சையில் தோளை நீளக் கீறி, தசைகளை விலக்கி, முறிந்த துண்டுகளைக் கண்ணாற் கண்டு பொருத்தினர். அதனால் என்புத் தலைக்குச் செல்லும் இரத்தவோட்டம் மேலும் குறையக்கூடும். குறையின் அத்தலை நாளடைவில் மடிந்து நொறுங்குதலும் உண்டு. இவ்விடரைக் குறைக்க எழுந்ததே சிறு துளை வழிச் சிகிச்சை. எக்ஸ்-கதிர்த் திரையில் என்பைப் பார்த்தவாறே தோலினூடே கம்பிகளைச் செலுத்துதல் ஒரு முறை; டெல்டாத் தசையைச் சிறிதளவு பிரித்துத் தகட்டை உள்ளே நழுவவிட்டுத் திருகாணிகளால் பூட்டுதல் மற்றொன்று; என்பின் உட்குழியிலே ஆணி இறக்குதல் பிறிதொன்று. இவற்றால் மென்மையான தசைகள் பெரிதும் காக்கப்படுகின்றன. ஆயினும் துளை சிறிதாதலால் இடர் சிறிதென்று எண்ணலாகாது. தோள் நுனிக்குக் கீழே ஏறத்தாழ 5 முதல் 7 சென்றிமீற்றர் தூரத்தில் டெல்டாத் தசைக்குரிய நரம்பு குறுக்கே ஓடுகின்றது. அஃது ஊறுபடின், என்பு கூடியும் கை உயராது. நலிந்த என்பிலே கம்பியும் திருகாணியும் பிடிப்பின்றி நழுவுதலும் உண்டு.

எனவே, எவருக்குச் சத்திரசிகிச்சை என்பதே முதல் வினா. அமெரிக்க மருத்துவர் சாள்ஸ் நீர் 1970 இல் இம்முறிவுகளை வகுத்தபோது, துண்டுகள் 1 சென்றிமீற்றருக்கு மேல் விலகினவா, 45 பாகைக்கு மேல் திரும்பினவா என்பதை அளவுகோலாகக் கொண்டார். பெரும்பாலான முறிவுகள் அவ்வளவு விலகுவதில்லை. தூக்குக் கட்டும் காலமறிந்த பயிற்சியுமே அவற்றுக்குப் போதும். விலகியவற்றைக் குறித்தும் பிரித்தானியாவில் 250 நோயாளரைக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2015 இல் வெளியான அதன் முடிவின்படி, ஈராண்டுகளின்பின் சத்திரசிகிச்சை பெற்றோருக்கும் பெறாதோருக்கும் கையின் பயன்பாட்டிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மூட்டு நழுவிய முறிவும், தோலைக் கிழித்து வெளிப்பட்ட முறிவும் அவ்வாய்வில் அடங்கா. அத்தகையோருக்கும், இரத்தக்குழாய் ஊறுபட்டோருக்கும் தாமதமின்றிச் சத்திரசிகிச்சை நிபுணரின் உதவி வேண்டும். என்பு மிக விலகிய இளவயதினர்க்கும் அவர் ஆலோசனை இன்றியமையாதது.

இவ்விடத்தில் ஒருவர் வினவலாம்: "செல்வர்க்குச் சத்திரசிகிச்சை, தோட்டத்தார்க்குத் தூக்குக் கட்டு என்பதுதானோ உமது நீதி?" அன்று. பணம் உண்டென்பதற்காகக் கீறுதலும் தவறு. பணம் இல்லையென்பதற்காகக் கீறாது விடுதலும் தவறு. முறிவின் தன்மையும் நோயாளியின் வயதும் தொழிலுமே முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவைச் செய்யவல்லார் முன் நோயாளி உரிய காலத்திற் போய்ச் சேர்தலே உண்மையான சமநீதி. குறை நிற்பது அங்கேதான். விழுந்த கையை எண்ணெய் தடவி உருவுவதும், மூங்கிற் பத்தை வைத்து இறுகக் கட்டுவதும் இன்னும் ஒழியவில்லை. முறிவு வைத்தியரின் அனுபவத்தை இகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் கதிர்ப்படம் எடுக்குமுன் கட்டவும் உருவவும் கூடாது என்பதை அவரும் நாமும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அதனினும் பெரிய குறை பயிற்சியின்மை. சத்திரசிகிச்சை செய்யினும் செய்யாவிடினும், உரிய வாரத்திற் கையை மெல்ல ஊசலாட்டத் தொடங்காவிடின் மூட்டு இறுகிவிடும். இயன்மருத்துவரைக் காண்பதற்காகத் தலாத்துஓயா வழியாக மலைப்பாதையிற் கண்டிக்கு வந்து மீள்வதென்றால் ஒரு நாட்கூலி போய்விடும். இருமுறை வந்தவள் மூன்றாம் முறை வாராள். கண்டித் தேசிய வைத்தியசாலையிலோ பேராதனைப் போதனா வைத்தியசாலையிலோ எத்துணைத் திறமையாக என்பைக் கூட்டினும், அதன் பயன் லயத்து அறையில் வீணாகுமன்றோ? ஆகவே யாம் வேண்டுவது புதிய கருவியை மட்டுமன்று. தோட்டத்துக்கு அண்மையிலுள்ள சிற்றூர் வைத்தியசாலையில் வாரம் ஒருநாளாவது இயன்மருத்துவர் இருத்தல் வேண்டும். பயிற்சிக்குச் செல்லும் நாளுக்குக் கூலி குறையலாகாது. ஒருமுறை விழுந்து முறிந்தவர்க்கு அடுத்து இடுப்பு முறியக்கூடுமாதலின் என்பு நலிவுக்கும் மருந்தளித்தல் வேண்டும்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கூலி உயர்வுப் போராட்டத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் உயிரிழந்த மண் ஹேவாஹெட்ட. அன்று கேட்கப்பட்டது உழைப்பின் விலை. உழைக்கும் கையைக் காத்துத் தருவதும் அவ்விலையுள் அடங்கும் என்பதே எம் கருத்து. நம் கல்லூரியிற் பயின்று மருத்துவராகவும், நிருவாகிகளாகவும், ஆசிரியராகவும் விளங்கும் பழைய மாணவர் பலர் உளர். விழா மலரிற் பெயர் பொறிப்பதோடு நில்லாது, பயிற்சிக்கு வரும் முதியோரின் பயணச் செலவையேனும் சங்கம் ஏற்குமாயின், அதனினும் சிறந்த நினைவுச்சின்னம் இவ்விழாவுக்கு வேண்டுவதில்லை.