ஏற்றத்தில் நிற்கும் கார்

நம் இளைஞர் பலர் கியர் மாற்றி ஓட்டும் ஸ்போர்ட்ஸ் கார்களை விரும்புகின்றனர். கண்டாலா போன்ற மலைப்பாதைகளில் ஏறும் அவர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம்.

ஏற்றத்தில் கார் பின்னோக்கி உருளாமல் காக்கும் சாதனம் புதிதன்று. 1936-லேயே ஸ்டூட்பேக்கர் காரில் அத்தகையது இருந்தது. இன்றைய சாதனமோ, நாம் காலை எடுத்தபின் பெரும்பாலும் இரண்டொரு விநாடிகளே பிரேக்கைப் பிடித்திருக்கும். பிறகு தானே விட்டுவிடும். அதற்குள் கிளட்ச் பற்றாவிடில், பின்னால் நிற்பவருக்கன்றோ ஆபத்து!

ஆகவே, ஹாண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்து, கிளட்ச் பற்றியதை உணர்ந்தபின் அதனைத் தளர்த்தும் பழைய முறையைக் கைவிடலாகாது. காரை நிறுத்தி இறங்கும்போது அச்சாதனத்தை அறவே நம்பலாகாது. ஹாண்ட் பிரேக்குடன், ஏற்றமாயின் முதல் கியரும், இறக்கமாயின் ரிவர்ஸ் கியரும் இட்டு வைப்பதே முறை. பெற்றோர் இதனை வற்புறுத்திச் சொல்வார்களாக.