கறுப்புத் திரையில் மணி என்ன?

மின்னி பேயில் பொழுது அவசரமாக விடிகிறது. கோடையில் மணி ஐந்து அடிக்கும் முன்பே ஜன்னலில் வெளிச்சம். சென்னையிலிருந்து போகிறவனுக்கு முதல் நாள் இது அதிசயம்; மூன்றாம் நாள் தூக்கக் கேடு. காலையில் கிடைத்ததை மாலையில் பிடுங்கிக்கொள்கிறார்கள். ஆறு மணிக்கு முன்பே விளக்கேற்றியாக வேண்டும்.

கணக்கு எளிது. இந்திய நேரத்தை நிர்ணயிக்கும் 82.5 டிகிரி தீர்க்கரேகை, உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் அருகே போகிறது. போர்ட் பிளேர் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது) இருப்பது 92.7 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். ஆக, அந்தமான் சூரியன் அந்தமான் கடிகாரத்தைவிட 41 நிமிடம் முந்தி ஓடுகிறது. நம் பழைய கணக்கில் ஒன்றே முக்கால் நாழிகை.

நான் போன நேரம் நண்பர் வீட்டில் வேறொரு கடிகாரத் தகராறு. மகள் ஒரு தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். அன்றுதான் கடைசி நாள். பழைய கம்ப்யூட்டர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. “கேபிள் போயிருக்கும் மாமா” என்றாள். தீவில் எல்லாக் குற்றமும் கடலடிக் கேபிள் மேல்தான். 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட, சென்னையிலிருந்து வரும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் அது. அதற்கு முன் பழி செயற்கைக்கோள் மேல்.

கேபிள் நன்றாகத்தான் இருந்தது. கறுப்புத் திரையைத் திறந்து ‘டேட்’ என்று தட்டச் சொன்னேன். பதில் வந்தது: 2015, ஜனவரி 1. உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி உயிரை விட்டிருந்தது. ஒவ்வொரு தளமும் ஓர் அடையாளச் சான்றிதழ் காட்டுகிறது. அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். 2015-இல் உட்கார்ந்திருக்கும் யந்திரத்துக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அது சந்தேகப்பட்டதில் தப்பில்லை.

தானாகத் திருத்திக்கொள்ளாதா? கொள்ளும். ஆனால் வீட்டு விண்டோஸ் யந்திரங்கள், வழக்கமான அமைப்பில், 15 மணி நேரத்துக்கு மேல் பிசகிவிட்டால் தாமாகக் கை வைப்பதில்லை. மனிதன்தான் முதலில் ‘டேட்’, பிறகு ‘டைம்’ என்று தட்டிச் சரியானதைத் தர வேண்டும். அதற்கு நிர்வாகி உரிமையோடு அந்தத் திரையைத் திறந்திருக்க வேண்டும். நாள் முதலா, மாதம் முதலா என்று பார்த்துத் தட்டுவதும் முக்கியம். ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். லினக்ஸிலும் ‘டேட்’தான், ‘அப்டைம்’ என்று கேட்டால் யந்திரம் எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்றும் சொல்லும்.

தமிழ் படித்தவனுக்கு இதில் ஒரு வேடிக்கை. உண், போ, வா என்று வினையின் வேரே நம் மொழியில் ஏவலாகிறது. கம்ப்யூட்டரிடம் பெயர்ச்சொல்லை நீட்டினாலே ஏவல்.

1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் பேட்டரிக் கடிகாரமே கிடையாது. ஒவ்வொரு முறை உயிர்ப்பிக்கும்போதும் டாஸ், தேதி என்ன, மணி என்ன என்று கேட்கும். நாம் சொல்வதுதான் அதற்கு நேரம். இன்று தலைகீழ். நேரத்துக்கென்று உள்ள சர்வரை யந்திரம் கேட்கிறது. கேள்வி போய்ப் பதில் வர ஆன நேரத்தை அளந்து, அதில் பாதியைச் சேர்த்துக்கொண்டு தன்னைத் திருத்துகிறது. டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர் 1985-இல் வகுத்த முறை இது.

நம் நாட்டில் அந்தக் கேள்விகளுக்கு ஆதாரம், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தங்கள் கடிகாரங்களை இந்த ஆய்வகத்தின் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் சர்வரோடு இணைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. காரணம் உண்டு. வங்கியில் பணம் போனாலும் சர்வரில் திருடன் நுழைந்தாலும், சாட்சி சொல்வது பதிவேட்டில் விழுந்த மணிதான். இரண்டு யந்திரங்கள் இரண்டு மணி சொன்னால் சாட்சி பிறழ்ந்ததாகிவிடும்.

யாருடைய நேரம் என்பது பழைய வழக்கு. 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்தின் கருங்கல் தூணில் தமிழிலும் எழுதி வைத்தார்கள். அந்த மதராஸ் நேரத்தில்தான் ரயில்கள் ஓடின. 1906 ஜனவரி 1-இல் இன்றைய இந்திய நேரம் வந்தது. 2018-இல் அதே டெல்லி ஆய்வக விஞ்ஞானிகள், வடகிழக்குக்கும் அந்தமான் நிக்கோபாருக்கும் ஒரு மணி நேரம் முந்திய இரண்டாவது நேரம் தரலாம் என்று எழுதினார்கள். அது நடக்கவில்லை. ஊரின் பெயர் மாறியது, மணி மாறவில்லை.

விண்ணப்பம் அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. வெளியே இருட்டிவிட்டது, கடிகாரத்தில் ஆறுதான். நள்ளிரவு வரை அவகாசம் இருந்தது என்று தெரிந்தும் அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. “இனிமே காலையில முதல்ல மணி கேட்டுட்டுத்தான் மாமா வேலை” என்றாள்.

மறுநாள் கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்தோம். கம்ப்யூட்டரின் நேரம் அதோடு சரியாகிவிட்டது. மின்னி பேயின் நேரம் 41 நிமிடம் பிந்தியே நிற்கிறது.