கூகுள்ல முதல்ல வந்தா உண்மையா?

1/ ஓபியில் 52 வயசு ஐயா ஒருத்தர். சுகர் 430, கால்ல புண். மாத்திரையை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சாம். "ஏங்கய்யா நிறுத்தினீங்க?"ன்னு கேட்டேன். போனை நீட்டினார். சுகரை வேரோடு ஒழிக்கும் பொடி! "கூகுள்ல முதல்ல வந்துச்சு டாக்டர். பொய்யா இருக்குமா?"

2/ தேடினதும் மேல வர்றது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். சின்ன எழுத்துல 'ஸ்பான்சர்டு'ன்னு இருக்கும். நீங்க அதைத் தட்டினா, அந்தக் கம்பெனி கூகுளுக்குப் பணம் கட்டும்.

3/ அதுக்குக் கீழே வர்ற கட்டுரைகள்? பலதுக்குள்ளயும் விளம்பரம்தான். எத்தனை பேர் வந்து பார்த்தாங்களோ, அதுக்கேத்த வருமானம். அதனால நாம தேடுற வார்த்தையையே தலைப்பா வைப்பாங்க. "தினமும் மாத்திரை போடுவது எப்படி"ன்னு யாரும் தேடுறதில்லை. "மாத்திரை இல்லாம சுகர் குணமாக"ன்னுதான் தேடுறோம்.

4/ இணையத்துல சம்பாதிக்கிறது தப்பில்லை. சமையல் குறிப்பு தப்பாப் போனா ஒரு வேளைச் சாப்பாடு போகும். இது தப்பாப் போனா கால் போகும். சர்க்கரை நோயைக் குணமாக்கும் மருந்துன்னு விளம்பரம் பண்றதை 1954-ம் வருஷத்துச் சட்டம் தடை செய்யுது.

5/ மாத்திரையை நிறுத்தலாம்னு தோணுதா? படிச்சதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு ஓபிக்கு வாங்க. திட்ட மாட்டேன். நீங்க வந்தாலும் வராட்டியும் எனக்கு அதே சம்பளம்தான்.