"நாளைக்குப் பார்ப்போம்" என்பதன் விலை

வியாபாரிகளாகிய நமது முன்னேற்றத்தைத் தடுப்பதில் பிற்போடும் பழக்கத்துக்கே முதலிடம் என்பது எனது அபிப்பிராயம். இதற்குக் கடன் கொப்பியே சாட்சி. "பழகிய ஆள்தானே, எப்படிக் கேட்பது?" என்று கூச்சப்பட்டு, கேட்பதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுகிறோம்.

ஆனால் சட்டம் காத்திருப்பதில்லை. வழக்குகளுக்கான கால எல்லையைக் கூறும் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, கடைக் கணக்கில் கொடுத்த பொருட்களுக்கான கடனுக்கு, தவணை நாளிலிருந்து 1 வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். எழுத்து மூல வாக்குறுதி இருந்தால் 6 வருடங்கள் உண்டு. ஒரு கையொப்பம் வாங்கச் சோம்பினால் 5 வருட அவகாசம் கைநழுவுகிறது. கடனை எழுதச் சோம்பலாகாது என்பதை அல்குர்ஆனின் 2:282 ஆம் வசனமும் வலியுறுத்துகிறது.

எனவே சகோதரர்களே, இன்றிரவு கடை பூட்டுமுன் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆறு மாதம் கடந்த கடன்களைத் தனியாகக் குறியுங்கள். வாரத்துக்கு ஒருவரையாவது நேரில் கண்டு, மீதித் தொகையையும் கொடுக்கும் திகதியையும் எழுதிக் கையொப்பம் பெறுங்கள்.

அந்தக் கூச்சம் விலகினால், இருப்புக் கணக்கு, வரிக் கணக்கு என்று தேங்கிக் கிடக்கும் மற்ற வேலைகளும் நகரத் தொடங்கும். சுயமுன்னேற்றம் என்று நான் கருதுவது இதைத்தான்.