தூங்கிய கம்ப்யூட்டரும் தொலைந்த கணக்கும்

‘எலுமிச்சை விற்பனைக் கணக்கையும் எங்கள் மகளிர் குழுக் கணக்கையும் வீட்டில் உள்ள பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் ஏற்றி வருகிறேன். வேலை பாதியில் நின்றால் ‘ஸ்லீப்’ கொடுத்துவிட்டு எழுந்துவிடுவேன். போன மாதம் ராத்திரி கரண்ட் போய் வந்தது. காலையில் பார்த்தால், மூன்று மணி நேரம் ஏற்றிய கணக்கு இல்லை. மறுநாள் குழுக் கூட்டத்தில் தலைகுனிய வேண்டியதாகிவிட்டது. ஸ்லீப் போட்டது தப்பா? தினமும் ஆஃப் செய்தால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்கிறார்களே?’

– ஒரு வாசகி, கடையம்.

ஸ்லீப் போட்டது தப்பில்லை சகோதரி. ‘சேவ்’ கொடுக்காமல் போட்டதுதான் வினை.

நீங்கள் ஏற்றும் கணக்கு முதலில் ‘ராம்’ என்கிற தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். சேவ் கொடுத்த பிறகுதான் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். ஸ்லீப் கொடுத்தால் மானிட்டர், டிஸ்க், ஃபேன் எல்லாம் நின்றுவிடும். ராமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதுவும் நின்றால் உள்ளே இருந்தது போச்சு. களத்தில் குவித்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடியது போலத்தான் இது. பெருமழை வந்தால் தாங்காது.

‘ஹைபர்னேட்’ என்று இன்னொன்று இருக்கிறது. இது ராமில் உள்ளதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்துவிடும். நெல்லை அள்ளிக் குலுக்கையில் கொட்டிய மாதிரி. பிறகு பிளக்கைப் பிடுங்கினாலும் கவலையில்லை. மறுபடி ஆன் செய்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். என்ன, எழுந்திருக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும்.

பல டெஸ்க்டாப்களில் இந்த ஹைபர்னேட் மெனுவில் தெரியாது. விண்டோஸ் என்றால் கண்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தைத் திறந்து, ஹைபர்னேட் கட்டத்தில் டிக் போடுங்கள். கட்டம் மங்கலாக இருந்தால், மேலே உள்ள ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ வரியை அழுத்தினால் திறக்கும். கட்டமே இல்லையென்றால் சர்வீஸ் கடையில் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.

சாரல் காலத்துக் காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுவதும், ஐப்பசி இடியில் கரண்ட் போவதும் உங்கள் மலையடிவாரத்துக்குப் புதிதில்லை. அதனால் டீ குடிக்கப் போகும்போது ஸ்லீப், ராத்திரிக்கு ஹைபர்னேட் அல்லது ஷட்டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடி இடித்தால் பிளக்கையும், இன்டர்நெட் ஒயர் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

தினமும் ஷட்டவுன் செய்தால் கெட்டுவிடும் என்பது வீண் பயம். ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவர் ஸ்விட்சைத் தட்டுவதுதான் டிஸ்க்குக்கு ஆகாது.

கரண்ட் பில்லையும் பார்த்துவிடுவோம். சும்மா ஆனில் கிடக்கும் டெஸ்க்டாப், மானிட்டரோடு 60 வாட் இழுப்பதாக வையுங்கள். இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட். நமக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் நல்ல பங்கு அதற்கே போய்விடும். ஸ்லீப்பில் 3 வாட் என்றால் 4 யூனிட் சொச்சம்தான். ஹைபர்னேட்டில் அதைவிடக் குறைவு.

சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்க முடிந்தால் நல்லது. ஆனால் அது தருவது பத்துப் பதினைந்து நிமிடம்தான். சேவ் கொடுத்து அணைப்பதற்கான நேரம் என்று நினையுங்கள், ராத்திரி முழுக்கத் தாங்கும் என்று நம்பாதீர்கள்.

இனி எப்போதாவது இப்படி ஆனால், மனம் உடைந்து உடனே புதிதாக ஏற்ற ஆரம்பிக்காதீர்கள். எக்ஸல் தானாகவே 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நகல் எடுத்து வைக்கும். ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’, ‘மேனேஜ் வொர்க்புக்’ என்று போனால், சேவ் செய்யாததை மீட்கும் வழி இருக்கும். சில நாளில் அந்த நகல் அழிந்துவிடும், அதனால் அன்றைக்கே பாருங்கள். போன மாதக் கணக்கைக் குழுவின் கை நோட்டைப் பார்த்துத்தான் திரும்ப ஏற்ற வேண்டும். அந்த நோட்டு எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.