சீட்டைக் கழற்றிப் பாருங்க, அப்புறம் விலை பேசுங்க

"அத்தை, ஒன்பதாயிரம் ரூபா இருந்தா கொடுங்க. ரெண்டு மாச சம்பளத்துல திருப்பிக் கொடுத்துடறேன்."

போன மாதம் என் நாத்தனார் மகன் போனில் இப்படிக் கேட்டபோது, ஏதோ செல்போன் வாங்கத்தான் அடி போடுகிறான் என்று நினைத்தேன். இல்லை, சைக்கிளாம்! இந்தக் காலத்தில் இருபது வயதுப் பையன் பைக் கேட்காமல் சைக்கிள் கேட்கிறானே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. என்ன சைக்கிள் என்று கேட்கும் வரை.

அவர்கள் வீடு சடையங்குப்பத்தில். சென்னை மாநகராட்சியின் மணலி மண்டலம். 2011-ல் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு, இன்னொரு பக்கம் கம்பெனிப் புகைபோக்கிகள். பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மணலியில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான். காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. அந்த நேரத்துக்கு ஷேர் ஆட்டோ கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் நடைதான். இரண்டு முறை லேட்டாகிப்போய் சூப்பர்வைசரிடம் பாட்டு வாங்கியிருக்கிறான். மூன்றாவது முறை உள்ளே விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். ஆக, சைக்கிள் அவனுக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. வேலை அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் பார்த்து வைத்திருந்தது ஃபிக்ஸி. ஃபிக்ஸட் கியர் சைக்கிள். பழசுதான், ஆன்லைனில் யாரோ விற்கிறார்கள். போட்டோ அனுப்பினான். மெலிசான கறுப்பு ஃப்ரேம், ஆரஞ்சு கலர் சக்கரம். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை. "பிரேக் எங்கடா?" என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாம் அத்தை, காலாலயே நிறுத்தலாம்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் சாதாரண சைக்கிளில் பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி ஓடும். பின்சக்கரத்தில் இருக்கிற ஃப்ரீவீல் செய்கிற வேலை அது. 'டிக் டிக்'கென்று சத்தம் வருமே, அதுதான். ஃபிக்ஸியில் அது கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளில் பெடல் முன்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறதே, அதே கதைதான். பெடலைக் காலால் எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும். அதைத்தான் பையன் 'காலாலயே நிறுத்தலாம்' என்கிறான்.

இது ஒன்றும் புது கண்டுபிடிப்பு இல்லை. ஃப்ரீவீல் வருவதற்கு முன்னால் எல்லா சைக்கிளும் இப்படித்தான். ஜப்பானில் 1948-ல் கொகுரா நகரில் ஆரம்பித்த 'கெய்ரின்' பந்தயம் இன்றைக்கும் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் கியர் சைக்கிளில்தான் நடக்கிறது. நியூயார்க்கில் கூரியர் பையன்கள் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து இன்ஸ்டாகிராம், இன்ஸ்டாகிராமில் இருந்து சடையங்குப்பம்!

பையன் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். "நம்ம ஊரு மேடு பள்ளமில்லாத தட்டை ஊரு அத்தை, கியர் எதுக்கு? உப்புக்காத்துல கியரு, வயரெல்லாம் துருப்பிடிச்சிடும். இதுல துருப்பிடிக்கவே ஒண்ணும் இல்ல" என்றான். எண்ணூர்ப் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பி வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும்.

ஆனால் கெய்ரின் மைதானத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். குறுக்கே நாய் வராது. மணலி ரோட்டில் விடியற்காலை ஐந்தரைக்குத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வரும். டிரைவர் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து பக்கவாட்டில் ஒட்டி வரும் சைக்கிள் கண்ணுக்கே தெரியாது. அங்கே சட்டென்று நிற்க இரண்டு கை பிரேக்கும் வேண்டும். பள்ளத்தில் பெடல் இடிக்காமல் காலை நிறுத்தி வைக்கவும் முடியவேண்டும். பேன்ட் நுனி செயினில் மாட்டினால், சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தலாம். ஃபிக்ஸியில் சக்கரம் காலை இழுத்துக்கொண்டு போகும். துப்பட்டா போடுகிற பெண்பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

பணம் தர மாட்டேன் என்று சொன்னால் வேறு எங்காவது வாங்கிவிடுவான். அதனால், "முதல்ல வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லு, பாய் பார்க்கட்டும்" என்றேன். ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாயைத்தான் சொல்கிறேன். என் பிள்ளைகளின் சைக்கிளுக்கெல்லாம் கோட்டம் எடுத்தவர் அவர்தான்.

விற்கிற பையன் மறு ஞாயிற்றுக்கிழமை வந்தான். பாய் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பின்சக்கரத்துப் பல்லைக் காட்டி, "இத யாருப்பா மாட்னது?" என்றார்.

விஷயம் இதுதான். நிஜமான ஃபிக்ஸி சக்கரத்தில் இரண்டு மரை இருக்கும். பல் சக்கரம் வலதுபக்கம் திருகி ஏறும். அதன் மேல் ஒரு பூட்டு வளையம் இடதுபக்கம் திருகி ஏறும். காலால் எதிர்த்து அழுத்தும்போது பல் கழன்று வராமல் அந்த வளையம்தான் பிடித்துக்கொள்ளும். இந்த வண்டியில் சாதாரண சக்கரத்தில் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, வெறும் பல்லைத் திருகி, பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். முன்னால் மிதிக்கிற வரை இறுகிக்கொண்டே போகும். நிறுத்துவதற்காகப் பலமாக எதிர்த்து அழுத்துகிற அன்றைக்குக் கழன்றுகொள்ளும். கை பிரேக்கும் இல்லை. எதிரே லாரி இருந்தால்?

விற்க வந்த பையனைத் திட்டவும் மனசு வரவில்லை. அவனுக்கே இது தெரியாது. ஆறு மாதம் அதை ஓட்டியிருக்கிறான், பாவம். பாய் அவனைச் சும்மா அனுப்பவில்லை. பழைய ஃப்ரீவீல் ஒன்றையும் முன்பிரேக் ஒன்றையும் மாட்டித்தான் அனுப்பினார்.

ஃபிக்ஸி ஆசை அடங்காதவர்களுக்கு வழி இருக்கிறது. பின்சக்கரத்தில் ஒரு பக்கம் ஃபிக்ஸட் பல், மறுபக்கம் ஃப்ரீவீல் என்று இரண்டும் மாட்டுகிற ஃப்ளிப் ஃப்ளாப் சக்கரம் உண்டு. கழற்றித் திருப்பிப் போட்டால் சாதாரண சைக்கிள். இதைப் பழசாக வாங்குவதென்றால் பூட்டு வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பார்க்கத் தெரிந்தவர் கூட இல்லையென்றால் புதுசுதான் வாங்க வேண்டும். இரண்டிலும் கை பிரேக் கட்டாயம். டயர் விஷயமும் உண்டு. அதில் வருகிற மெல்லிய 700 அளவு டயர் நம் மூலைக்கடைகளில் கிடைக்காது. சாதாரண 28 இஞ்ச் டயர் அதற்குச் சேராது. நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது டயர் கிழிந்தால் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும்.

சரி, சாதாரண சைக்கிளே வாங்கலாம். பழசா, புதுசா?

இரண்டாவதாக ஒரு பழைய சைக்கிளைப் பார்க்க மணலிப் பக்கம் போனோம். பெயின்ட் பளபளவென்று இருந்தது. மூவாயிரம் சொன்னார்கள். நாத்தனாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அண்ணி, முடிச்சிடலாமா?" என்றாள். பாய் சொல்லிக்கொடுத்தபடி நான் சீட்டைக் கழற்றச் சொன்னேன். சீட்டுக் குழாய் வரவே இல்லை. இரண்டு பேர் பிடித்து முறுக்கியும் அசையவில்லை. அப்படியே கீழே வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

ஏன் என்று சொல்கிறேன். வடசென்னையில் பழைய சைக்கிளுக்கு வயசு முக்கியமில்லை. அது எத்தனை வெள்ளத்தில் நின்றது என்பதுதான் முக்கியம். பூண்டி ஏரியில் உபரிநீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் மணலி புதுநகர், சடையங்குப்பம் ஆட்களுக்கு வயிற்றில் புளி கரையும். 2015 டிசம்பரை மறக்க முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த தண்ணீர் எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியதை எல்லோரும் பார்த்தோம். சைக்கிளை மாடிக்குத் தூக்க முடியாதவர்கள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சீட்டுக் குழாய் வழியாக உள்ளே போன தண்ணீரும் சேறும் பெடல் அச்சு இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். வெளியே பெயின்ட் அடிக்கலாம், உள்ளே யார் அடிப்பது? ஃப்ரேம் உள்ளிருந்து துருப்பிடித்து ஒருநாள் மடக்கென்று உடையும்.

அதனால் பழசு பார்க்கப் போகிறவர்கள் சீட்டைக் கழற்றிவிட்டு வண்டியைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். மண்ணோ துருத்தூளோ கொட்டினால் வேண்டாம். இரண்டு சக்கரத்திலும் ஒரே உயரத்தில் துருக்கோடு இருந்தால் அது தண்ணீர் நின்ற மட்டம். பெடல் கட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசாக ஆடினால் பால்ரஸ் மாற்றினால் சரியாகிவிடும். கரகரவென்றால் உள்ளே சேறு இருக்கிறது. ஃப்ரேம் நம்பரைப் பார்த்து, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லை என்றால் யாருடைய சைக்கிள், ஏன் விற்கிறார்கள் என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். திருட்டு சைக்கிளை வாங்கிவிட்டு போலீஸ் ஸ்டேஷன் படியேற வேண்டாம்.

புதுசும் பார்த்தோம். பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜாரில் வரிசையாக சைக்கிள் கடைகள் உண்டல்லவா, அங்கே. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அப்படியும் அவனுக்குப் பிடித்த கியர் இல்லாத வண்டி, கேரியரும் ஸ்டாண்டும் சேர்த்து எட்டாயிரத்து இருநூறு வந்தது. நல்ல வண்டிதான். தெரிந்த மெக்கானிக் யாரும் இல்லாதவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு புதுசைத்தான் சொல்வேன். இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் மாதாமாதம் கடைக்கு அழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எங்களுக்குப் பாய் இருந்தார். அவர் கடைப் பரணில் ஒரு பழைய ஹெர்குலிஸ் ஃப்ரேம் தொங்கிக்கொண்டிருந்தது. நம் அம்பத்தூரில் 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியுடையது. சீட்டுக் குழாய் வழுக்கிக்கொண்டு வந்தது, உள்ளே டார்ச் அடித்தால் சுத்தம். "ஃப்ரேம் மட்டும் பழசு, ஓடுறதெல்லாம் புதுசு. எப்டி?" என்றார் பாய். ரிம், கம்பி, டயர், டியூப், செயின், ஃப்ரீவீல், பெடல் அச்சு, இரண்டு பிரேக் என்று அத்தனையும் புதுசு. கூலியோடு ஐயாயிரத்து நானூறு ஆனது.

பையன் முகம் கொஞ்சம் தொங்கித்தான் போனது. தாத்தா காலத்து சைக்கிளில் ஃபேக்டரிக்குப் போவதா! பாய் அவனைக் கூப்பிட்டு, "மட்கார்டு, செயின் கவர், கேரியர் மூணும் கண்டிப்பா இருக்கும். மத்தது உன் இஷ்டம்" என்று சொன்னதும் ஹேண்டில்பாரை மாற்றச் சொன்னான், மேட் கறுப்பு பெயின்ட் அடிக்கச் சொன்னான். அதற்கு அறுநூறு. ரிம்மில் ஆரஞ்சு ஸ்டிக்கரும் ஒட்டிக்கொண்டான். மிச்சப் பணத்தில் பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் சார்ஜ் போடுகிற வெள்ளை விளக்கு, ஹெல்மெட், நல்ல பூட்டு. விளக்கு இல்லாமல் வண்டியைத் தர மாட்டேன் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன்.

இப்போது ஐந்தேகாலுக்குக் கிளம்புகிறான். டிபன் பாக்ஸ் கேரியரில். லாரியின் இடதுபக்கம் நுழைய மாட்டேன் என்று அவன் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். முதல் தவணை இரண்டாயிரம் ஜி-பேயில் வந்துவிட்டது.

நேற்று நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, ஹால் சுவத்துல ஆளுயரத்துக்கு ரெண்டு கொக்கி அடிக்கச் சொல்லிட்டு இருக்கான். மழை வந்தா சைக்கிளத் தூக்கி மாட்டணுமாம். போன வாரம்தான் பெயின்ட் அடிச்சோம்!"

அடிக்கட்டும் விடு என்றேன். 2023-ல் தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு ஒரு முழம் மேலே அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.